இருபத்தொரு புள்ளி

என் மனைவி கெய்னருக்கு எந்த விஷயத்திலும் இரண்டு மனசு இருந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஆகிறது. கோப்பையில் பாலை முதலில் ஊற்றுவதா டீயை முதலில் ஊற்றுவதா என்பதிலிருந்து ஓட்டு யாருக்கு என்பது வரை அவளிடம் ஒரே பதில்தான். அதுவும் கேள்வி முடிவதற்குள் வந்துவிடும். அப்படிப்பட்டவள் ஒரு ஏப்ரலில் ஆரம்பித்து ஜூன் வரை தலையும் புரியாமல் வாலும் புரியாமல் அலைந்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன்.

எங்கள் ஊரின் பெயர் ஹாலோகில், இங்கிலாந்தில் இருக்கிறது. யார்க்‌ஷயரில் மலைச்சரிவில் இருக்கிற சின்ன ஊர். ஊர்க் கால்பந்து கிளப்புக்குப் பதினோரு வருஷமாகக் கெய்னர்தான் செயலாளர். சம்பளம் கிடையாது. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பாள். சாயங்காலமானால் ஆட்டக்காரர்களின் பதிவுத் தாள், நடுவருக்குத் தகவல், எதிரணிக்கு எத்தனை சாண்ட்விச் என்று சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். நான் பஸ் ஓட்டுகிறேன். வெள்ளிக்கிழமைகளில் மைதானத்துக் கோடுகளுக்கு வெள்ளை அடிப்பது என் பொறுப்பு.

எங்கள் லீகில் இருபத்திரண்டு அணி. ஒவ்வொன்றும் நாற்பத்திரண்டு ஆட்டம் ஆட வேண்டும். முதல் இடத்துக்காரன் நேராக மேல் லீகுக்குப் போய்விடுவான். இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அதற்கு இரண்டாவது முதல் ஐந்தாவது வரை வந்த நாலு பேரும் மோத வேண்டும். இரண்டும் ஐந்தும், மூன்றும் நாலும், பிறகு ஜெயித்தவர்கள் இருவரும். இதற்குப் பெயர் பிளே-ஆஃப். ஒன்பது மாதம் சேர்த்த புள்ளியெல்லாம் அங்கே செல்லாக் காசு. மேலே இருந்தவனுக்குக் கிடைக்கிற ஒரே சலுகை, ஆட்டம் அவன் மைதானத்தில் நடக்கும்.

அந்த ஏப்ரலுக்கு முந்தின வருஷம் நாங்கள் இரண்டாவதாக வந்தோம். ஐந்தாவதாக வந்த அணியைவிடப் பதினாலு புள்ளி அதிகம். அவர்கள் எங்கள் ஊருக்கு வந்து, கொட்டுகிற மழையில் ஒரே ஒரு கோல் அடித்து, எங்களை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். கெய்னர் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஈரக் கோட்டைக் கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தாள். பிளே-ஆஃபை ஒழிக்க வேண்டும், முதல் இரண்டு இடத்துக்காரர்களும் நேராக மேலே போக வேண்டும் என்று லீகின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒரு மனு.

அந்த வருஷக் கூட்டத்துக்குக் கெடு தாண்டிவிட்டது. அடுத்த வருஷம்தான் எடுப்போம், வழிமொழிய இன்னொரு கிளப் வேண்டும் என்று பதில் வந்தது. எங்கள் தலைவர் பெர்னார்ட், தரை ஓடு வியாபாரம் செய்பவர், சிரித்தார்.

"அனுப்பு, அனுப்பு. ஒரு பய கூட வழிமொழிய மாட்டான் பாரு."

ஒருவர் முன்வந்தார். பதினெட்டு மைல் தள்ளியிருக்கிற ஸ்கெல்பரோ கிளப்பின் செயலாளர் வில்ஃப் ஹார்கர். எழுபத்திரண்டு வயது. ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரே போன் பண்ணினார்.

"கெய்னர், மனுவுக்கு ஆள் கிடைச்சுதா?"

"இல்ல வில்ஃப். எல்லாரும் நழுவுறாங்க."

"நான் நிக்கிறேன் போ. எங்களுக்கு இதுல லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. நாங்க எப்பவும் ஒன்பதாவதோ பத்தாவதோதான். ஆனா சரி எதுவோ அது சரி."

இப்படியாக மார்ச் மாதம் மனு முறைப்படி போய்ச் சேர்ந்தது. அப்போது நாங்கள் எட்டாவது இடத்தில் இருந்தோம். முந்தின வருஷத்து நல்ல ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். வில்ஃபின் ஸ்கெல்பரோவோ, யாரும் நினைத்தே பார்க்காதபடி, முதல் இடத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பையன்களுக்கு என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கடைசி எட்டு ஆட்டத்தில் ஏழு ஜெயித்தார்கள். கடைசி நாள், கடைசி ஆட்டம். வேறு ஊரில் வேறு ஒருவன் தோற்றதால் ஐந்தாவது இடத்தில் வந்து நின்றோம். எழுபது புள்ளி. ஸ்கெல்பரோ தொண்ணூற்றொரு புள்ளியோடு, எங்களைவிட இருபத்தொன்று அதிகமாக, இரண்டாவது. முதல் இடத்துக்காரனுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரே ஒரு புள்ளி.

கிளப் அறையில் எல்லோரும் துள்ளிக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் கெய்னரைத் தூக்கியே விட்டார். அவள் கால் தரைக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ராய், நாம ஸ்கெல்பரோ போகணும்."

"ஆமா."

"வில்ஃப் ஊருக்கு."

"ஆமாம்மா, அங்கதான்."

அடுத்த சனிக்கிழமை மதியம் ஆட்டம். ஸ்கெல்பரோ வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. டிக்கெட் கிழிக்கிற ஆள் எங்கள் சட்டை நிறத்தைப் பார்த்துவிட்டு, "கணக்குல வீக்கான ஆளுங்களெல்லாம் இந்தப் பக்கம்" என்று வழி காட்டினான். டீயும் பை என்கிற கறிப் பலகாரமும் விற்கிற கடையில் நின்ற அம்மாள், "வாங்க வாங்க, அஞ்சாம் இடத்து ஐயாமாருங்களா, உங்களுக்குப் பை சூடா வேணுமா, தோத்தப்புறம் ஆறினதா வேணுமா?" என்றாள். கோலுக்குப் பின்னால் நின்ற கூட்டம் "இருபத்தொண்ணு! இருபத்தொண்ணு!" என்று ராகம் போட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அத்தனை ஜனத்தை அந்த மைதானத்தில் நான் பார்த்ததே இல்லை.

வில்ஃப் கெய்னருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"தூங்கினியா வில்ஃப்?"

"எங்க தூங்க? நீ?"

"இல்ல."

"நீ எதுக்கும்மா முழிக்கணும்? உங்க கையவிட்டுப் போறதுக்கு என்ன இருக்கு?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். ஆனாலும் கெய்னர் டீயை முழுசாகக் குடிக்கவில்லை.

ஆட்டம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. எண்பது நிமிஷம் அவர்கள் அடித்தார்கள், நாங்கள் தடுத்தோம். இரண்டு முறை கம்பத்தில் பட்டது. ஒரு முறை எங்கள் கோல்கீப்பர் தன் மூக்கால் தடுத்தான். எண்பத்து மூன்றாவது நிமிஷம் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அன்று கிடைத்த ஒரே கார்னர். பந்து உயரமாக வந்தது. எங்கள் தடுப்பாட்டக்காரன் டோர்டாஃப், தொழிலில் பிளம்பர், யாரோ இடித்ததில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். பந்து அவன் முதுகில் பட்டு, மெதுவாக, எவரும் அவசரப்பட வேண்டாம் என்பதுபோல உள்ளே உருண்டது. மற்றவர்கள் மேலே விழுந்து கட்டிப்பிடித்த பிறகுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது.

கெய்னர் எழுந்து குதித்தாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அப்படி ஒரு கூச்சல். முந்தின வருஷத்து மழையெல்லாம் அந்தக் கூச்சலில் இருந்தது. எங்கள் வரிசைக்கு முன்வரிசையில் வில்ஃப் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பவில்லை. முழங்கால் மேல் கையை வைத்தபடி புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கெய்னர் அவர் பின்னந்தலையைப் பார்த்துவிட்டாள். கூச்சல் நின்றது. கை மட்டும் மேலேயே இருந்தது, இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது. வில்ஃப் வந்து கை கொடுத்தார்.

"நல்லா ஆடினீங்கம்மா."

"பொய் சொல்லாத வில்ஃப்."

"சரி, நல்லா ஆடல. ஜெயிச்சீங்க." கொஞ்சம் நின்று, "மனு இருக்கில்ல?" என்றார்.

"இருக்கு."

"இருக்கட்டும்."

காரில் பத்து மைல் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"ராய், இப்ப நாம என்ன செஞ்சோம்?"

"ஜெயிச்சோம்."

"அது தெரியுது. என்ன செஞ்சோம்னு கேட்டேன்."

"பாரு, இதான் சட்டம்னு ஆகஸ்ட்லயே எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதானே எல்லாரும் ஆட வந்தாங்க?"

"தெரிஞ்சா அது நியாயமாயிடுமா? மழை வரும்னு தெரிஞ்சா நனையாம இருந்துடுவியா?"

"அப்போ போன வருஷம் நமக்கு நடந்தது அநியாயம்."

"அநியாயம்தான்."

"இன்னைக்கு நடந்தது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரோரம் ஆடுகள் நின்றிருந்தன. "அதுவும்தான்" என்றாள். உடனே, "ஆனா நம்ம பசங்க எட்டுல ஏழு ஜெயிச்சாங்களே, அது ஒண்ணுமில்லையா?" என்றாள்.

"அப்ப, எங்களுக்கு இறுதி ஆட்டம் வேணாம், நீங்களே போங்கன்னு எழுதிக் கொடுத்துடலாமா?"

என் தொடையில் பளீரென்று ஓர் அடி விழுந்தது. "உனக்கென்ன பைத்தியமா?"

அந்த வாரம் முழுக்க இப்படித்தான் போனது. காலையில் ஒரு பக்கம் பேசுவாள், இரவுச் சாப்பாட்டில் மறுபக்கம். நான் எந்தப் பக்கம் சேர்ந்தாலும் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். பாத்திரம் கழுவும்போது தனக்குத்தானே தீர்ப்பு எழுதி, துடைக்கும்போது அழித்துவிடுவாள்.

இறுதி ஆட்டம் மூன்றாம் இடத்துக்காரர்கள் மைதானத்தில் நடந்தது. ஆளுக்கொரு கோல். பெனால்டியில் நாலுக்கு மூன்று என்று நாங்கள் ஜெயித்தோம். மூக்கில் பிளாஸ்திரி போட்டிருந்த எங்கள் கோல்கீப்பர் கடைசி உதையைப் பிடித்தபோது கெய்னர் என் சட்டைப் பொத்தான் இரண்டைப் பிய்த்துவிட்டாள். அன்று அவள் ஆடின ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இவளா மனு போட்டவள் என்று நம்பியிருக்க மாட்டார்கள். கிளப்பின் எழுபது வருஷத்தில் இவ்வளவு உயரம் நாங்கள் போனதில்லை. திங்கட்கிழமை என் பஸ்ஸில் ஏறின ஒவ்வொருவரும் எனக்குக் கை கொடுத்தார்கள், நானே கோல் அடித்ததுபோல.

அதே வாரம் கண்ணாடிக் கடைக்கு ஸ்கெல்பரோவிலிருந்து ஒரு பெண் புதுக் கண்ணாடி வாங்கிப்போக வந்தாளாம். கெய்னர் வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"நீங்கதானே ஹாலோகில் செக்ரெட்டரின்னு கேட்டா. ஆமான்னேன். எங்க வீட்டுக்காரர் ஒரு வாரமா சரியாச் சாப்பிடலைன்னா."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன். அதுக்கு அவ, ஐயோ, நீங்க ஏன் மன்னிப்புக் கேக்கறீங்க, கல்யாணமானதுலேர்ந்து அவர்கூட மேட்சுக்குப் போறேன், அந்த மாதிரி ஒரு மதியம் வந்ததே இல்ல, பத்து வெரல்லயும் நகம் போச்சுங்கறா. சிரிக்கிறா ராய்! தோத்துட்டு சிரிக்கிறா." கெய்னர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணுமே புரியல."

ஜூன் முதல் வாரம் பெர்னார்ட் வீட்டுக்கு வந்தார். அவருக்குப் போட்ட டீயைத் தொடவில்லை.

"கெய்னர், மனுவைத் திரும்ப வாங்கிடு."

"கொடுத்தது கொடுத்ததுதான் பெர்னார்ட்."

"ஏறி வந்த ஏணிய எட்டி உதைக்கறாங்கன்னு பேசுவாங்கம்மா."

"வாங்கிட்டா மட்டும்? ஜெயிச்சதும் வாயை மூடிட்டாங்கன்னு பேசுவாங்க."

"ரெண்டுல எது பரவாயில்லை?"

"தெரிஞ்சா நான் ஏன் இப்படி உக்காந்திருக்கேன்?" என்று கத்தினாள். பிறகு, "டீயக் குடி, ஆறுது" என்றாள்.

பெர்னார்ட் என்னைப் பார்த்தார். நான் சர்க்கரை டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். வேறென்ன செய்ய?

லீகின் ஆண்டுக் கூட்டம் ஒரு கிரிக்கெட் கிளப்பின் கூடத்தில், சனிக்கிழமை காலை. முடிந்துபோன வருஷத்தின் இருபத்திரண்டு அணிகளுக்கும், மேலே போனவர்களானாலும் சரி, ஆளுக்கொரு ஓட்டு. நான் கார் ஓட்டிக்கொண்டு போனவன், பின்சுவரோரம் நின்றேன். முதலில் பந்து எந்தக் கம்பெனி, அபராதம் எவ்வளவு என்று ஒரு மணி நேரம் போனது. அப்புறம் தலைமை வகித்தவர் "மனு எண் நாலு, ஹாலோகில்" என்றதும் கூடம் முழுக்க நாற்காலி கிரீச்சிட்டது.

கெய்னர் மார்ச்சில் எழுதி வைத்த இரண்டு பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தாள். முதல் பக்கம் பாதியில் நிறுத்திவிட்டாள். காகிதத்தைக் கீழே வைத்தாள்.

"இத எழுதினப்ப நாங்க எட்டாவது இடத்துல இருந்தோம். அப்ப எனக்கு எல்லாமே தெளிவா இருந்துச்சு. இப்ப பாதிதான் புரியுது. ஆனா ஒண்ணு சொல்றேன். இருபத்தொரு புள்ளிங்கறது நாப்பத்திரண்டு ஆட்டத்துல ஓடி ஓடிச் சேத்தது. அது ஒரு பிளம்பர் முதுகுல பட்டுப் போச்சு."

சிரிப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான்: "அப்ப எடத்தைத் திருப்பிக் குடு தாயி!"

"மாட்டேன்" என்றாள் கெய்னர், ஒரு நொடி கூட யோசிக்காமல்.

கூடமே அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள். அவளும் சிரித்தாள், ஆனால் கழுத்து வரை சிவந்துவிட்டது. "சிரிங்க. அதான் என் கஷ்டமும். வாங்கினவளுக்கே திருப்பிக் கொடுக்க மனசு வரலைன்னா அந்தப் பொருள் எப்படிப்பட்டதுன்னு யோசிச்சுக்குங்க" என்று சொல்லி உட்கார்ந்தாள். அவள் சொன்னது மனுவுக்குச் சாதகமா பாதகமா என்று எனக்குப் பிடிபடவில்லை. தலைமை வகித்தவர் முகத்திலும் அதே கேள்விதான்.

"வழிமொழிபவர்?"

வில்ஃப் எழுந்தார். "ஸ்கெல்பரோ. வழிமொழியறேன்" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். கெய்னர் தூக்கினாள். பெர்னார்ட் எதிர்த்து ஓட்டுப் போடச் சொல்லியிருந்தார், அவள் கேட்கவில்லை. இன்னும் நாலு கை எழுந்தது. மொத்தம் ஐந்து. கெய்னர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். வில்ஃபின் கை மடியில் இருந்தது. எதிர்ப்பவர்கள் என்றதும் ஒரு காடு போலக் கைகள் எழுந்தன. கடைசியாக வில்ஃபின் கை, தோள்வலிக்காரர் தூக்குவதுபோல மெதுவாக, மேலே போனது. பதினேழு. மனு தோற்றது.

வெளியே கார்கள் நிற்கிற இடத்தில் அவளே அவரைத் தேடிப்போனாள். நானும் பின்னால் போனேன், சண்டை வந்தால் நடுவே நிற்கலாம் என்று.

"வில்ஃப், உனக்குத்தான் அநியாயம் நடந்துச்சு. உனக்காகத்தான் நான் அத்தனை பேர் முன்னால கேலிப்பொருளா நின்னேன். நீயே எதிர்த்துப் போட்டா?"

"வழிமொழியறேன்னு வாக்குக் கொடுத்தேன். செஞ்சேன். ஓட்டு கமிட்டியோடது. எதிர்த்துப் போடணும்னு எட்டுக்கு ஒண்ணா முடிவாச்சு."

"அந்த ஒண்ணு நீதானே?"

வில்ஃப் சாவிக்கொத்தைக் கையில் உருட்டினார்.

"இல்லம்மா. அந்த ஒண்ணு எங்க கோச். நான் எட்டுல ஒருத்தன்."

கெய்னர் கையிலிருந்த காகிதத்தைச் சுருட்டினாள்.

"கேளு" என்றார் அவர். "நாப்பது வருஷமா இந்தக் கிளப்புல இருக்கேன். இரண்டாவது வந்தது ஒரே ஒரு வருஷம். மத்த முப்பத்தொன்பதும் ஏழு, ஒன்பது, பன்னெண்டு. பிப்ரவரி மாசக் குளிர்ல ஒன்பதாவதா இருக்கறவன் எதுக்கு மேட்சுக்குப் போறான்னு நினைக்கிற? அஞ்சாவது எட்டுற தூரத்துல இருக்கு, அதுக்குத்தான். அத எடுத்துட்டா நாங்க ஜனவரியிலேயே கதவைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்."

"அப்ப உனக்கு நடந்தது நியாயம்ங்கற?"

"நியாயம்னு நான் எங்க சொன்னேன்? அது பெரிய அநியாயம். சாகற வரைக்கும் சொல்லுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அநியாயம்தான். இருக்கட்டும்ங்கறேன்."

சுருட்டிய கொடி மாதிரி அவள் கையில் அந்த இரண்டு பக்கம். கடைசியில் வில்ஃப், "பெரிய லீகுக்குப் போறீங்க. ஜெயிங்க" என்று சொல்லி, அவள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார்.

மேல் லீகில் நாங்கள் அடி வாங்கின கதையைச் சொல்ல ஆரம்பித்தால் இன்று முடியாது. கடைசி நாள் வரை கீழே விழுவோமா என்று தொங்கிக்கொண்டிருந்து, இரண்டு புள்ளியில் பிழைத்தோம். ஸ்கெல்பரோ அந்த வருஷம் பதினொன்றாவது. அவர்களுடைய நல்ல ஆட்டக்காரர்களை மற்ற கிளப்புகள் இழுத்துக்கொண்டுவிட்டன. கெய்னரைச் செயலாளர் பதவியிலிருந்து யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் அந்தக் காகிதங்களை யார் பார்ப்பது?

போன மாதம் மேல் லீகிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிளே-ஆஃபை ஏழாவது இடம் வரை நீட்டலாமா, உங்கள் கிளப்பின் கருத்து என்ன என்று கேட்டு, கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கமிட்டி கூடி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, "நீயே பாத்துப் போடும்மா" என்று அவள் தலையில் கட்டியது. நாலு நாள் அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது.

"நீ என்ன சொல்ற ராய்?"

"நாம இப்ப எத்தனாவது இடம்?"

"அது எதுக்கு உனக்கு?"

"சும்மா கேட்டேன்."

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் வில்ஃபுக்குப் போன் போட்டாள். ஒரு மணி நேரம். சமையலறையிலிருந்து எனக்கு அவள் பேச்சு மட்டும்தான் கேட்டது. முதல் அரை மணி கூடாது என்று வாதாடினாள். நடுவில் என்ன ஆனதோ, மீதி அரை மணி வேண்டும் என்று வாதாடினாள். போனை வைத்துவிட்டு, "அந்த ஆளுக்கு ஒரு நிலை கிடையாது" என்றாள்.

வேலைக்குப் போகிற வழியில் உறையைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டாள். எந்தக் கட்டத்தில் குறி போட்டாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.